ஏழாம் எண் வண்டியின் கூடுதல் மின்சாரம்

ஏழாம் எண் வண்டி மறுபடியும் முப்பத்து நான்கு அலகு மின்சாரத்தைக் கூடுதலாக வைத்துக்கொண்டு திரும்பியிருந்தது.

குறைவாக வந்திருந்தால், மலையடிவாரத்தில் மின்சைக்கிள் நிலையம் நடத்தும் செலின் கவலைப்பட்டிருக்க மாட்டாள். பேட்டரி பழசாகிவிட்டது, செயினில் எண்ணெய் இல்லை, ஓட்டியவர் சோம்பேறி என்று எத்தனையோ காரணம் சொல்லலாம். கூடுதலாக வருவதற்குத்தான் ஒரு காரணமும் கிடைக்கவில்லை. காலையில் ஐந்நூறு அலகு நிரப்பிக் காட்டுக்குள் அனுப்புகிறாள். உள்ளே சார்ஜ் ஏற்ற இடமில்லை. மாலையில் இவ்வளவுதான் மிஞ்ச வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. மற்ற ஒன்பது மின்சைக்கிள்களும் கணக்குக்கு ஓரிரு அலகு முன்பின்னாக வந்து நிற்கின்றன. ஏழு மட்டும், அதுவும் சனிக்கிழமைகளில் மட்டும், எங்கேயோ விருந்து சாப்பிட்டுவிட்டு வந்ததுபோல் வருகிறது.

பேட்டரியை மாற்றிப் பார்த்தாள். அளவியை மாற்றிப் பார்த்தாள். புதன்கிழமை வேறொருவரை ஓட்டவிட்டுப் பார்த்தாள், ஒழுங்காக வந்தது. சனிக்கிழமை வழிகாட்டி ஒச்சப்பன் ஓட்டினால் மறுபடி கூடுதல். பதினோரு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள் அவள். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள். ஒச்சப்பன் ஒரு வருடமாக அதை ஆக்கிக்கொண்டிருந்தார்.

கூகைமலை அமைதி வனமாக அறிவிக்கப்பட்டு ஏழு வருடமாகிறது. மோட்டார் ஓடும் எதுவும் உள்ளே போகக் கூடாது. மலைமேல் முப்பத்தோரு வீடுகள் கொண்ட மேல்கொம்பைக்கு வாரம் இரண்டு தடவை போய்வந்த ஜீப் நின்றது. ஜீப்போடு பள்ளிக்கூட வாத்தியாரும் நின்றார். மின்சைக்கிள் மட்டும் தப்பித்தது. அதிலும் மோட்டார் இருக்கிறது. ஆனால் ஓட்டுபவர் மிதித்தால்தான் அது உதவும். எனவே சட்டப்படி அது சைக்கிள். ஊர்க்காரர்கள் நடந்து இறங்கிய பாதையில் சுற்றுலாக்காரர்கள் சைக்கிளில் ஏறத் தொடங்கினார்கள்.

அதற்கும் வன வாரியம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. கீழ்வாசலில் பலகை என்று எல்லோரும் அழைக்கும் ஒரு திரை உண்டு. ஒவ்வொருவரின் எடையையும் மிதிக்கும் வலுவையும், போகும் பாதையையும் அதில் பதிய வேண்டும். வழியில் எந்த இடத்திலும் எந்த பேட்டரியும் ஐம்பது அலகுக்குக் கீழே போகாது என்று கணக்கு வந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு, வாசல் திறக்காது. முதல் வருடம் யானைத் தடத்தில் ஒரு குழுவின் வண்டிகள் நின்றுபோய், பன்னிரண்டு பேர் போய்த் தூக்கி வந்த பிறகு உண்டான ஏற்பாடு இது.

அந்த வெள்ளிக்கிழமை காலை பலகையில் இரண்டு சிவப்பு இருந்தது. ஒன்று, வாரியத்தின் நோட்டீஸ்: ஏழாம் எண் வண்டியில் விளக்கப்படாத மின்சாரம் காணப்படுகிறது, ஒளித்து வைத்த பேட்டரி என்று சந்தேகிக்கப்படுகிறது, இன்று மாலை ஐந்து மணிக்குள் விளக்கம் தராவிட்டால் வண்டிக்கு முத்திரை, வழிகாட்டியின் அனுமதி ரத்து. காட்டுத்தீ பயத்தில் பேட்டரி விஷயத்தில் வாரியம் யாருக்கும் இரக்கம் காட்டுவதில்லை.

இன்னொன்று, மறுநாள் வரவிருந்த சென்னைக் கம்பெனிக் குழுவின் பயணத் திட்டம். அந்தக் கம்பெனியின் பணியாளர் நலப் பிரிவில் இருக்கும் நந்தகோபன் காலையிலிருந்து நான்காவது தடவையாக போன் செய்தான்.

"மேடம், பச்சை வந்துச்சா?"

"இன்னும் சிவப்புதான் சார். மூணாம் எண் வண்டி ஒன்பது அலகு குறையுது."

"மூணு யாரு?"

"உங்க எம்.டி."

மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ந்த குரலில், "அவர் எடை எண்பத்திநாலுன்னு எழுதி அனுப்பினேனே."

"உங்க ஆபீஸ் ஜிம் ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பிட்டீங்க சார். அதுல தொண்ணூத்திரண்டு. எப்படியும் இங்க வாசல்ல ஒரு தராசு இருக்கு. அதுக்கு எம்.டி. யாருன்னு தெரியாது."

"சரி, ஒன்பதுதானே? கொஞ்சம் பார்த்துக்கக் கூடாதா?"

செலின் யாருக்கும் எதையும் விளக்கச் சலிக்காதவள். "பாதையைப் பாருங்க சார். வாசல்லேர்ந்து மேல்கொம்பைக்கு ஆயிரத்து நூறு மீட்டர் ஏத்தம். அங்கேர்ந்து அந்தப் பக்கம் ஆற்றுச்சாவடிக்கு எண்ணூறு மீட்டர் இறக்கம். மறுபடி ஒரு கணவாய்க்கு நானூத்தம்பது ஏத்தம். அப்புறம் வெளிவாசல் வரைக்கும் இறக்கம். அந்தக் கணவாய் உச்சியிலதான் ஒன்பது பத்தாம போகுது. ஜிம் கணக்குப்படி அவர் மிதிக்கிறது முப்பது சதவீதம். மீதி எழுபது மோட்டார். முப்பத்திரண்டு மிதிச்சார்னா பச்சை வந்துடும். ரெண்டே ரெண்டு சதவீதம்."

"அதை அவர்கிட்ட யார் சொல்றது?"

"நீங்கதான்."

"மேடம், லிஃப்ட் வேலை செய்யல, படியேறிடலாமான்னு அவர்கிட்ட கேட்டவர் இப்போ இந்தூர் கிளையில இருக்கார். இந்த ட்ரிப்போட தீமே எம்.டி. சார் தன் காலால மலையேறினார்ங்கறதுதான். பேனர் அடிச்சாச்சு."

"மத்த மூணு பேரோட பேட்டரியில மிச்சமே இல்ல சார். சாவடியில குழுவுக்குள்ள பேட்டரி மாத்திக்கலாம்னு விதி இருக்கு. வழிகாட்டி வண்டி ஏழு. அதுல கணக்குப்படி உபரி நாலுதான். மாத்தினாலும் பத்தாது."

கணக்குப்படி நாலு. உண்மையில் முப்பத்தெட்டு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் காரணம் தெரியாத மின்சாரத்தைப் பலகை நம்பாது. அவளும் நம்பவில்லை. ஏழாம் எண்ணுக்கு முத்திரை விழுந்தால் நாளைக்கு எந்தக் குழுவும் போக முடியாது. அடிபட்டவரைக் கட்டித் தூக்கிவர நீளமான பின்தட்டு உள்ள வண்டி அது ஒன்றுதான்.

பதினோரு மணிக்கு அவள் கேட்டிருந்த விவரம் வாரியத்திலிருந்து வந்தது. இதுவரை அவள் பார்த்ததெல்லாம் காலைக் கணக்கும் மாலைக் கணக்கும்தான். இது நொடிக்கு நொடி. புதன்கிழமைக் கோட்டையும் சனிக்கிழமைக் கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். ஒரு தாளில் கணக்குப் போட்டாள். அப்புறம் ஒச்சப்பனைக் கூப்பிட்டு விட்டாள்.

ஒச்சப்பனுக்கு ஐம்பது வயது. ஒல்லி. ஜீப் ஓடிய காலத்தில் அதன் டிரைவர். கையில் கிரீஸோடு வந்து வாசற்படியிலேயே நின்றார்.

"என்ன டீச்சர், ஆளு சரியில்லையே?"

"உக்காருங்கண்ணே. ஒரு படம் காட்டுறேன். இந்தக் கோடு உங்க வண்டி பேட்டரி. வாசல்லருந்து மேல்கொம்பை வரைக்கும் குறைஞ்சுக்கிட்டே போகுது, ஏத்தம். புதன்கிழமை வேற ஆளு ஓட்டுன கோடும் இதும் ஒட்டிக்கிட்டுப் போகுது பாருங்க."

"ஆமா."

"மேல்கொம்பையிலருந்து சாவடிக்கு இறக்கம். இறக்கத்துல பிரேக் பிடிச்சா இந்த மோட்டாரு டைனமோவா மாறி பேட்டரிக்கு ஏத்தும்."

"டயர்ல உரசிக்கிட்டு இருக்குமே, பழைய சைக்கிள்ல."

"அதேதான். உரசுனா மிதிக்கக் கனமா இருக்கும்ல? அந்தக் கனத்ததான் வெளிச்சமா மாத்தும். அது மாதிரி இங்க இறங்குற எடைய மின்சாரமா மாத்துது. எடை கூடுனா மின்சாரமும் கூடும். இப்பப் பாருங்க, இந்த இறக்கத்துல மட்டும் சனிக்கிழமைக் கோடு மேல போகுது. சாவடி தாண்டி அடுத்த ஏத்தத்துல மறுபடி ரெண்டும் ஒரே சாய்வு."

ஒச்சப்பன் கூரையைப் பார்த்தார்.

"அப்ப மேல்கொம்பையில என்னமோ ஏறுது, சாவடியில இறங்குது. எவ்வளவுன்னு கணக்குப் போட்டுட்டேன். நாப்பத்திரண்டு கிலோ." அவள் குரலைத் தாழ்த்தினாள். "சந்தனமாண்ணே?"

"சந்தனமா இருந்தா நான் எதுக்கு டீச்சர் இந்த வயசுல சைக்கிள் மிதிக்கேன்?"

"அப்ப என்ன? போன மே மாசம் முழுக்க ஒண்ணுமே ஏறல. ஜூன்ல மறுபடி ஆரம்பிக்குது. தீபாவளிக்கு மொத வாரம் மட்டும் நாப்பத்தேழு."

"அது முறுக்கு டின்னு" என்றார் ஒச்சப்பன். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்.

"முறுக்கா?"

அவர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் மெதுவாகத் துடைத்தார். "ராக்காயின்னு மேல்கொம்பைப் புள்ள. முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். அது மக யாழினி நாலாங் கிளாசு. மேல பள்ளிக்கூடத்த மூடிட்டதால சாவடிப் பள்ளிக்கூட விடுதியில சேர்த்துட்டாக. சனிக்கிழமை ஒண்ணுலருந்து நாலு வரைக்குந்தான் பெத்தவங்களப் பார்க்க விடுவாக. மே மாசம் லீவு, புள்ளையே மேல வந்துரும்."

"நடந்து வரலாமே? பத்து கிலோமீட்டர்தானே. மலைக்காரங்களுக்கு அது ஒரு தூரமா?"

"ஏறிருவா டீச்சர். இறங்க மாட்டா. ரெண்டு வருசத்துக்கு முந்தி பாறையில சறுக்கி முழங்கால் சில்லு பேந்துருச்சு. ஆசுபத்திரியில தச்சு விட்டுட்டு, ஏறலாம், இறங்காதன்னு சொல்லிட்டாக. மலை மேல குடியிருக்கவகிட்ட சொல்றாக, இறங்காதன்னு. ஒரு தடவ இறங்கிப் பார்த்தா. பாதி வழியில உக்காந்தவள நாங்க நாலு பேரு தூக்கிட்டு வந்தோம். அது வந்து சேருறதுக்குள்ள மணி நாலாயிருச்சு. புள்ள கம்பிக்கு அங்கிட்டு நிக்குது, இவ இங்கிட்டு நிக்கா."

"திரும்பிப் போறது?"

"ஞாயித்துக்கிழமை விடியக் கம்ப ஊனிக்கிட்டு ஏறுவா. மத்தியானம் மூணுக்குப் போய்ச் சேர்ந்துருவா. அதுல ஒரு குறையும் இல்ல."

செலினுக்கு அந்த முழங்காலின் கணக்கு உடனே புரிந்தது. ஏறும்போது உடம்பைத் தூக்குவது தொடைத் தசை. இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்பின் எடை முழுவதையும் பிடித்து நிறுத்துவது முழங்கால். ராக்காயியின் உடம்பில் மோட்டார் நன்றாக இருந்தது, பிரேக் போய்விட்டது. ஏழாம் எண் வண்டிக்கோ ஏற்றம்தான் செலவு, பிரேக் பிடிப்பது வரவு. இப்படி ஒன்றுக்கொன்று பொருந்தும் இரண்டு பொருள்களை அவள் பதினோரு வருடப் பாடப் புத்தகத்தில் பார்த்ததில்லை. ஒருவர் மற்றவருக்குக் கடன்படாத உதவி. இதில் தவறு என்று ஒன்று இருந்தால், பலகைக்குத் தெரியாமல் நடந்தது மட்டும்தான்.

"என் அனுமதி போகட்டும் டீச்சர்" என்றார் ஒச்சப்பன். "ஜீப்பு போனப்பவே பாதி செத்தாச்சு. அந்தப் புள்ளைக்கு ஏதாவது வழி இருக்கான்னு பாருங்க."

மதியம் இரண்டு மணிக்கு வாரிய அலுவலர் போனில் கிடைத்தார். செலின் பெயர் எதுவும் சொல்லாமல், இறக்கத்தில் மட்டும் ஒரு ஊர்க்காரரைப் பின்தட்டில் உட்காரவைத்துக் கூட்டிவர அனுமதி கிடைக்குமா என்று கேட்டாள்.

"முடியாதுங்களே மேடம். ஆள் ஏறினா அவர் பயணி. பயணி இருந்தா அது வாகனம். வாகனத்துக்கு அமைதி வனத்துல இடம் இல்ல. அடிபட்டிருந்தா ஏத்தலாம்."

"அடிபடாம இருக்கறதுக்குத்தான் சார் கேக்கறேன்."

"அதுக்குப் பிரிவு இல்லையே." அவர் கெட்ட மனிதர் இல்லை, குரலில் வருத்தம் இருந்தது. "அவங்க நடந்து வர வாரியம் எந்தத் தடையும் போடலையே மேடம்?"

"சரிங்க சார். இறக்கத்துல எதைத்தான் ஏத்தலாம்?"

"குப்பை!" அவர் குரல் மலர்ந்தது. "குப்பைய எவ்வளவு வேணும்னாலும் ஏத்தலாம். சுற்றுலாக்காரங்க போட்டுட்டு வர்ற பாட்டில், கவர் எதுவும் மேல கிடக்கக் கூடாதுன்னு வாரியத்துக்கு ரொம்ப அக்கறை. ஊக்கப் புள்ளி கூட உண்டு. திட்டத்துல கீழிறக்கும் குப்பைன்னு ஒரு கட்டம் இருக்கு, பாத்திருப்பீங்க."

அந்தக் கட்டத்தை அவள் பார்த்திருந்தாள். இதுவரை யாரும் அதில் எதுவும் எழுதியதில்லை.

"எடைய யார் சார் சரிபார்ப்பாங்க?"

"ஆளே வேணாம் மேடம், அதுதான் இதுல அழகு. இறக்கத்துல பேட்டரி எவ்வளவு ஏறுச்சுன்னு பார்த்து, பலகை தானே எடையக் கண்டுபிடிச்சுக்கும். நீங்க எழுதின எடையும் ஏறின மின்சாரமும் ஒத்துப்போனா சரி. எழுதாமக் கொண்டு வந்தாத்தான் விளக்கப்படாத மின்சாரம்னு நோட்டீஸ் போகும்."

"ஏற்கெனவே கொண்டு வந்து, எழுத மறந்துட்டா?"

"இப்பக் கூட எழுதலாம். நிறைய பேர் மறந்துடறாங்க."

போனை வைத்துவிட்டு செலின் அந்தக் கட்டத்தைத் திறந்தாள். விடைத்தாளில் விடை சரியாக இருந்து அலகு தவறாக இருந்தால் அரை மதிப்பெண் குறைப்பவள் அவள். இங்கே எடை சரி, நேரம் சரி, மின்சாரம் சரி. பெயர் மட்டும் தவறு. அது யாருடைய பெயரோ, அவரிடம் கேட்காமல் எழுத அவளுக்குக் கை வரவில்லை.

மேல்கொம்பைக்கு ஊர் ரேடியோ ஒன்று உண்டு. ஒச்சப்பன் அலைவரிசையைத் திருப்பி, "ராக்காயியக் கூப்பிடுங்கப்பா" என்றார். கால் மணி நேரம் கோழிச் சத்தமும் கரகரப்பும் கேட்டது. பிறகு கம்பு ஊன்றும் சத்தம்.

செலின் எல்லாவற்றையும் சொன்னாள். டைனமோவைக்கூட விடவில்லை.

"நான் உக்காந்தா கரண்டு வருமா?" என்றாள் ராக்காயி. "இத்தன நாளா ஒச்சப்பண்ணன் வண்டிக்குப் பாரமா இருக்கமேன்னுல்ல கூசிக்கிட்டு உக்காந்திருந்தேன். இம்புட்டு நாளு அவருக்குத்தான நான் ஓசியில கரண்டு குடுத்திருக்கேன்?"

"ஆமா" என்றாள் செலின்.

"கேட்டுக்கிருங்கண்ணே."

"கேட்டுக்கிட்டேன் தாயி" என்றார் ஒச்சப்பன்.

"என்னையக் குப்பைன்னா எழுதப் போறீக?"

"வேற எந்தப் பேர் எழுதினாலும் பலகை விடாதுங்க. உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேற ஏதாவது..."

ரேடியோ கரகரத்தது. "ஜீப்பு ஓடுனப்ப எனக்கு என்ன பேரு டீச்சரம்மா?"

"பயணி."

"அந்தப் பேரு இருந்தப்பத்தான் ஜீப்ப நிப்பாட்டுனாக. இந்தப் பேர நிப்பாட்ட மாட்டாகள்ல?"

செலின் கொஞ்சம் யோசித்தாள். "குப்பையை நிறுத்த மாட்டாங்க."

"அப்ப எழுதுங்க. நாப்பத்திரண்டுன்னு எழுதிராதீக. யாழினிக்குக் கிழங்கு அவிச்சு எடுத்து வச்சிருக்கேன். நாப்பத்தஞ்சு எழுதுங்க."

நாலரை மணிக்கு நந்தகோபன் மறுபடி அழைத்தான். செலின் அவனிடமும் ஒளிக்கவில்லை. வழிகாட்டி வண்டியில் மேல்கொம்பையிலிருந்து ஒரு பெண் வருவார், பதிவில் குப்பை என்று இருக்கும், அந்தக் கூடுதல் மின்சாரத்தில்தான் உங்கள் எம்.டி. கணவாய் ஏறப்போகிறார் என்றாள்.

அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

"எம்.டி. சார் கூடுதலா மிதிக்க வேண்டியதில்லையே?"

"இல்ல."

"பதிவுல நாற்பத்தஞ்சு கிலோ குப்பை. கம்பெனி பேர்லதானே வரும்?"

"குழு பேர்லதான் பதியும்."

"மேடம், அப்போ பேனர்ல இன்னொரு வரி சேர்த்துக்கறேன். நாற்பத்தஞ்சு கிலோ குப்பையை மலையிலேர்ந்து இறக்கினோம்னு. எம்.டி. சார் குப்பையோட நின்னு ஒரு போட்டோ..."

"குப்பைக்கு நேரமிருக்காது சார். ஒரு மணிக்குள்ள அது ஓரிடத்துக்குப் போயாகணும்."

சொல்லிக்கொண்டே அவள் திட்டத்தில் காட்சிமுனையில் புகைப்படத்துக்கு என்றிருந்த முப்பது நிமிடத்தைப் பத்தாகக் குறைத்தாள். ஏழாம் எண்ணுக்கான விளக்கத்தில், சென்ற சனிக்கிழமைகள் ஒவ்வொன்றுக்கும் உரிய எடையை எழுதினாள்; தீபாவளி வாரத்துக்கு நாற்பத்தேழு. பலகை ஒவ்வொன்றையும் மின்சாரத்தோடு ஒப்பிட்டு ஏற்றுக்கொண்டது. நோட்டீஸ் மறைந்தது. அந்த இடத்தில், வனத்தைத் தூய்மையாக வைத்திருக்க உதவியதற்கு நன்றி என்று வந்தது.

பிறகு நாளைய திட்டத்தை முடித்தாள். ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது அது பச்சையானது. அதில் இப்படி எழுதியிருந்தது:

காலை ஏழு மணிக்குக் கீழ்வாசலிலிருந்து ஐந்து வண்டிகள் புறப்படும். பதினொன்றே முக்காலுக்கு மேல்கொம்பையில், ஏழாம் எண் வண்டியின் பின்தட்டில் நாற்பத்தைந்து கிலோ குப்பை ஏற்றப்படும். பன்னிரண்டு ஐம்பதுக்கு ஆற்றுச்சாவடியில், விடுதி வாசலில், அது இறக்கப்படும். அங்கேயே ஏழாம் எண் பேட்டரியும் மூன்றாம் எண் பேட்டரியும் மாற்றிக்கொள்ளப்படும்.